எரியாமல் போகும் பெட்ரோல்

1985, மே 5. இத்தாலியின் இமோலா தடத்தில் சான் மரினோ கிராண்ட் பிரீ. அறுபது சுற்று, மொத்தம் 302 கிலோமீட்டர். சில சுற்றுகளே பாக்கி இருந்தபோது, முதலிடத்தில் பறந்துகொண்டிருந்த அயர்டன் சென்னாவின் லோட்டஸ் பெட்ரோல் தீர்ந்து நின்றது. அடுத்து முன்னுக்கு வந்த ஸ்டெஃபான் யோஹான்சனின் ஃபெராரிக்கும் சற்று நேரத்தில் அதே கதி. கோட்டை முதலில் தாண்டிய அலெய்ன் ப்ரோஸ்டின் மெக்லாரன், தாண்டிய கையோடு தானும் வறண்டு நின்றது. எடை போட்டுப் பார்த்தால் விதித்ததைவிட 2 கிலோ குறைவு, தகுதி நீக்கிவிட்டார்கள். கடைசியில் கோப்பை எலியோ டி ஏஞ்சலிஸ் கைக்குப் போனது.

அன்றைய விதிப்படி ஒரு காருக்கு 220 லிட்டர்தான். நடுவில் நிரப்பக் கூடாது. லிட்டருக்கு 1.4 கிலோமீட்டர்கூட ஓடாத கார்கள் அவை. அநேகமாக எல்லாமே டர்போ.

மூன்று வருடம் கழித்து, 1988-இல், அதே இமோலா, அதே அறுபது சுற்று. இப்போது டர்போ கார்களுக்கு 150 லிட்டர் மட்டும். டர்போவை ஓரங்கட்டத்தான் அந்த விதியே வந்தது. டர்போ இல்லாத கார்களுக்கு எந்த அளவும் கிடையாது. ஆனால் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் வைத்த மெக்லாரனில் சென்னா முதலிடம், ப்ரோஸ்ட் இரண்டாமிடம். மற்ற எல்லாரையும் குறைந்தது ஒரு சுற்றாவது பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அந்த வருடத்தின் 16 பந்தயங்களில் 15 அவர்களுக்கே. டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்துக்கும் அந்த வருடம் கடும் வரம்பு இருந்ததால் எஞ்சின்களின் உச்ச சக்தி குறைந்திருந்தது என்பது உண்மை. அப்படியிருந்தும் 220 லிட்டரில் தவித்த தூரத்தை 150 லிட்டரில் முடித்தது சாதாரண வித்தை அல்ல.

பந்தயக்காரர்களின் இந்தக் கவலை, ஆசைப்பட்டு ஒரு டர்போ வேகக் கார் வாங்கிவிட்டு, பங்க்கில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவருக்கும் உண்டு. "வண்டி சூப்பர், மைலேஜ்தான் வரல" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இரண்டு பேருக்கும் ஒன்றே.

முதலில் டர்போமீது விழும் பழியைத் துடைத்துவிடலாம். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சைலன்சர் வழியாகச் சூடான புகையாக வெளியே போய்விடுகிறது. அப்படி வீணாகும் ஆற்றலைக் கொண்டு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அதன் அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இலேயே காப்புரிமை வாங்கினார். இன்றைய கார் டர்போவில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் முறைவரைகூடச் சுற்றும். அதைச் சுழற்றுவதில் பெரும் பங்கு குப்பைக்குப் போகவேண்டிய வெப்பம். ஆக, கணக்குப்படி டர்போ சிக்கனக் கருவிதான். டீசல் லாரியிலும் கப்பலிலும் அது சிக்கனத்துக்காகவே உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் வேகக் காருக்கு வந்ததும் மட்டும் ஏன் குடிகாரப் பட்டம் கிடைக்கிறது?

காரணம், நாக்கிங். காற்றை அமுக்கினால் சூடாகும். டர்போ ஒரு முறை அமுக்குகிறது. பிறகு பிஸ்டன் மறுபடி அமுக்குகிறது. சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ ஒழுங்காகப் பரவி மூலைக்கு வருவதற்கு முன்பே, மூலையில் நெருக்கப்பட்டுக் கிடக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அந்த அதிர்வு பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். சில நிமிடம் தொடர்ந்தால் எஞ்சின் உடையும். அதைத் தடுக்கப் பொறியாளர்கள் கைக்கொண்ட வழிகள் ஒவ்வொன்றும் மைலேஜைக் காவு வாங்கின.

பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அமுக்க விகிதத்தைக் குறைப்பது ஒரு வழி. ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு வியப்பாகப் படுவது: பெட்ரோலையே குளிர்விக்கும் திரவமாக ஊற்றுவது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். சாலையில் சும்மா உருளும்போது எஞ்சினின் கணினி அந்த விகிதத்தைத் துல்லியமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தி, டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் ஏறியதும் பல டர்போ எஞ்சின்கள் 11 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ என்ற அளவுக்குப் போய்விடும். அதாவது அந்தக் காற்றால் எரிக்க முடிந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பெட்ரோல். கூடுதலாக வந்தது எரிவதற்கு வரவில்லை. ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ள வந்தது. மண்பானையின் மேனியில் கசியும் நீர் உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிரவைப்பதும் இதே கணக்கில்தான். புகையின் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தொடாமல் டர்போவின் சக்கரத்தையும், வினையூக்கி மாற்றியையும் காப்பதும் இந்தப் பெட்ரோலின் வேலை. வேலை முடிந்ததும் அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்சைடும் எரியாத ஆவியுமாக வெளியே போய்விடும். உங்கள் காசு குளிர்சாதனத்துக்குச் செலவானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பெட்ரோல்தான் வேண்டுமா, தண்ணீர் போதாதா என்று முதலிலேயே கேட்டவர்கள் இருந்தார்கள். 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போ வைத்து விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. 3.5 லிட்டர் வி8, 215 குதிரைத்திறன். அமுக்க விகிதம் 10.25, அந்தக் காலத்து டர்போவுக்கு அது துணிச்சல். நாக்கிங்கை அடக்கத் தனித் தொட்டி ஒன்றில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை வைத்து, பூஸ்ட் ஏறும்போது எஞ்சினுக்குள் விட்டார்கள். 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று அமர்க்களமான பெயர். யோசனை அருமை, மனிதர்கள்தான் ஒத்துழைக்கவில்லை. தொட்டியை நிரப்ப மறந்தார்கள். காலியானால் பூஸ்ட் தானாகக் குறைந்துவிடும், கார் மந்தமாகும், புகார் வரும். கடைசியில் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டு கழித்து பி.எம்.டபிள்யூ. தன் எம்4 ஜி.டி.எஸ். காரில் தண்ணீர் தெளிப்பை மீண்டும் கொண்டுவந்தது. சாதாரணச் சாலைக் கார்களில் அது இன்னும் வேரூன்றவில்லை.

ஹோண்டா 1988-இல் வேறு வழியில் போனது. அவர்களுடைய பந்தய எரிபொருளில் 84 சதவீதம் டொலுயீன். லேசில் நாக்கிங் ஆகாத, லிட்டருக்கு எடையும் ஆற்றலும் அதிகமுள்ள திரவம். அளவை லிட்டரில் கட்டுப்படுத்திய விதிக்குள் அதிக ஆற்றலை ஏற்றிக்கொள்ளும் தந்திரம் அது. டொலுயீன் சுலபத்தில் ஆவியாகாது என்பதால் எஞ்சினுக்குள் விடும் முன் அதைச் சூடாக்கினார்கள். குளிர்விக்கப் பெட்ரோல் ஊற்றும் பழக்கத்துக்கு நேர் எதிர். நாக்கிங் பயம் நீங்கிவிட்டால், ஊற்றும் ஒவ்வொரு துளியையும் எரித்தே தீர்க்கலாம்.

சாலைக்கு வருவோம். இந்தக் கதைக்கு சுபாருவைவிட நல்ல சாட்சி கிடையாது. 2015 மாடலில் ஒரே உடற்கூட்டில் இரண்டு டர்போ கார்களை அவர்கள் அமெரிக்காவில் விற்றார்கள். டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ.யில் 2.5 லிட்டர் எஞ்சின், 305 குதிரைத்திறன்; அதன் வம்சம் 1989-இல் தொடங்கியது. பெட்ரோலை வால்வுக்கு வெளியே, குழாயில் தெளிக்கும். அமுக்க விகிதம் 8.2. தம்பியான சாதா டபிள்யூ.ஆர்.எக்ஸில் புதிய 2 லிட்டர் எஞ்சின், 268 குதிரைத்திறன். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும். அமுக்க விகிதம் 10.6. அமெரிக்க அரசுச் சோதனையில் அண்ணன் சராசரியாகக் காலனுக்கு 19 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர். தம்பி 24 மைல், 10 கிலோமீட்டருக்கு மேல்.

வித்தியாசம் கால் பங்கு. கியர் விகிதமும் பின்புறத்து ராட்சத இறக்கையும் வேறுபடுவதால் முழுதும் எஞ்சினால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அமுக்க விகிதம் 8.2-இலிருந்து 10.6-க்கு ஏறினாலே பாடப்புத்தகக் கணக்குப்படி அதே பெட்ரோலில் 8 சதவீதம் கூடுதல் வேலை கிடைக்க வேண்டும். அதைச் சாத்தியமாக்கியது நேரடிப் பீய்ச்சல். பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே ஆவியாகும்போது, எரியப்போகும் அதே பெட்ரோலே முதலில் குளிர்விக்கும் வேலையையும் செய்துவிடுகிறது. தனியாக ஊற்றத் தேவை குறைகிறது. ஃபோக்ஸ்வாகன் இன்னொரு பக்கமிருந்து வந்தது: புகை வெளியேறும் குழாய்களைச் சிலிண்டர் தலைக்குள்ளேயே வார்த்து, ரேடியேட்டர் தண்ணீரால் புகையைக் குளிர்வித்தது. நம்மூரில் விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸின் 2 லிட்டர் எஞ்சின் அந்த வகை. டர்போவின் சக்கரத்தைக் காக்கும் பொறுப்பு பெட்ரோலிடமிருந்து தண்ணீருக்கு மாறியது.

சரி, எஞ்சின் தொழிற்சாலையில் பிறந்தபோதே பாதி விதி எழுதப்பட்டுவிட்டது. மீதிப் பாதி ஓட்டுபவரின் வலது காலில். ஒன்றரை டன் எடையுள்ள எஸ்.டி.ஐ. போன்ற ஒரு கார் சமதளச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போக எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் உருள்வதன் தடையும் காற்றின் தடையும் சேர்த்து ஏறக்குறைய 12 குதிரைத்திறன் வரும். முன்னூறு குதிரைகளைக் கட்டிவைத்துத் தீனி போட்டுக்கொண்டு பன்னிரண்டை மட்டும் வேலை வாங்குகிறோம். அப்போது காற்று நுழையும் வழியின் கதவான த்ராட்டில் அநேகமாக மூடியிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுப்பதைப் போல எஞ்சின் வெற்றிடத்தோடு மல்லாடும். டர்போ சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். தாழ்ந்த அமுக்க விகிதத்தின் தண்டனை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் தொடரும். முழு பூஸ்ட் தாங்குவதற்காக வாங்கிய கடனுக்கு, பூஸ்டே இல்லாத நேரத்தில் கட்டும் வட்டி அது.

அதே எஸ்.டி.ஐ.யை அதன் முழுச் சக்தியில் ஓட்டினால், என் தோராயக் கணக்கில் மணிக்கு 100 லிட்டர் வாக்கில் குடிக்கும். 60 லிட்டர் டாங்க் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. 80 கி.மீ.யில் சீராக உருட்டினால் மணிக்கு 7 லிட்டர் போல. ஒரே பாதத்தின் அழுத்தத்தில் பதினான்கு மடங்கு வித்தியாசம். இமோலாவில் சென்னாவுக்கு இருந்த பிரச்சினையும் அதுவே. அவருக்கு முந்தியாக வேண்டிய கட்டாயம் இருந்தது, நமக்கு அலுவலகம் போனால் போதும்.

அதற்காகக் கட்டைவண்டிபோல் ஊர்ந்தால் மைலேஜ் வரும் என்று நினைக்க வேண்டாம். டர்போ எஞ்சின் தன் சிறந்த திறனைக் காட்டுவது தாழ்ந்த சுற்றில், ஓரளவு கனமான சுமையில், பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றத் தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்னால். பூஸ்ட் மீட்டர் இருந்தால் முள் பூஜ்யத்தைச் சுற்றியோ சற்று மேலேயோ நிற்க, சீக்கிரமே அடுத்த கியருக்கு மாறி வேகமெடுப்பது நல்லது. பெரிய சேமிப்பு பிரேக்கில் இருக்கிறது. அந்தக் காரை நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு ஏற்றி, சிக்னலைக் கண்டு அடித்து நிறுத்தினால், வேகமேற்றிய வகையில் மட்டும் ஏறக்குறைய 75 மில்லி பெட்ரோல் பிரேக் தட்டில் சூடாகக் கரைந்துபோகும். முழு ஆக்சிலேட்டரில் ஏற்றியிருந்தால் இன்னும் கூடுதல். 80-க்குப் பதில் 120-இல் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வேண்டிய ஆற்றல் மூன்றில் இரண்டு பங்கு அதிகம்.

இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி உருட்டும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் நெடுநாளாக உண்டு. கார்புரேட்டர் காலத்து மிச்சம் அது. இன்றைய எஞ்சினில் கியரில் வைத்தபடி காலை எடுத்தால், கணினி பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சினை அணையாமல் வைத்திருக்கப் பெட்ரோல் ஊற்ற வேண்டிவரும். மலைப்பாதையில் அது ஆபத்தும்கூட.

இனி, நேற்றுவரை ஒழுங்காக இருந்த மைலேஜ் திடீரென்று விழுந்தால்? இங்கேதான் டர்போ காருக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. பல டர்போ எஞ்சின்களில் உள்ளே வரும் காற்றை நுழைவாயிலிலேயே ஒரு சென்சார் எடை போடுகிறது. அந்தக் காற்று டர்போ, அதன் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலர், நாலைந்து ரப்பர் ஹோஸ் எல்லாம் கடந்துதான் எஞ்சினை அடையும். வழியில் ஒரு ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தால், பூஸ்ட் ஏறும்போது அளந்த காற்றில் ஒரு பகுதி வெளியே ஓடிவிடும். கணினிக்கு அது தெரியாது. வராத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோலை ஊற்றும். ஏற்கெனவே ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிகுந்து, இருந்த கலவை இன்னும் ரிச்சாகும், சக்தி குறையும், குறைந்த சக்தியை ஈடுகட்ட ஓட்டுபவர் மேலும் அழுத்துவார். த்ராட்டிலுக்கு அப்பால் ஒழுகல் இருந்தால் நிலைமை தலைகீழ்: சும்மா ஓடும்போது வெற்றிடம் அளக்காத காற்றை உள்ளே இழுக்கும், கலவை லீனாகும், அதாவது காற்று மிகும், புகையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டும்.

கியர் மாற்றும்போது 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு விடும் வால்வை இளைஞர்கள் ஆசையாக மாட்டிக்கொள்கிறார்கள். காற்றை எடை போடும் வகை எஞ்சினில் அந்த ஓசை காசு கொடுத்துக் கேட்கும் ஓசை. வெளியேறுவது கணினி அளந்துவிட்ட காற்று. அதற்கான பெட்ரோல் ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. தொழிற்சாலை மாட்டிய வால்வு அந்தக் காற்றைச் சத்தமில்லாமல் டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்பும். காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை. பந்தய ரக ஏர் ஃபில்டர்களும் சில சமயம் இதே வம்பை இழுக்கும். குழாயின் விட்டம் மாறினால் சென்சாரின் கணக்கும் மாறும்.

திறந்தபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் இன்னொரு திருடன். எஞ்சின் சூடேறவே ஏறாது. கணினி குளிர்காலை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருக்கும். கிழடு தட்டிய ஆக்சிஜன் சென்சாரும் அப்படியே. இவற்றைக் கண்டுபிடிக்க மந்திரம் தேவையில்லை. காரின் ஓ.பி.டி. துளையில் செருகும் சிறு ரீடர், கணினி தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் விடுகிறது என்பதைக் காட்டும். 5 சதவீதத்துக்குள் ஆடினால் கவலையில்லை. 10-ஐத் தாண்டி ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் எங்கோ ஒரு பொய் நடமாடுகிறது.

இந்தியாவில் இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆக, கலப்பில் 6, 7 சதவீதம் போய்விடும். அதே எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும், ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகம் குளிர்விக்கும். அந்தக் கலப்புக்கென்றே வடிவமைத்த டர்போ எஞ்சின், ஸ்பார்க்கை முன்கூட்டி விட்டு இழந்ததில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ள முடியும். பழைய எஞ்சினுக்கு அந்தச் சலுகை இல்லை. உயர் ஆக்டேன் கேட்கும் காருக்குச் சாதா பெட்ரோல் ஊற்றி மிச்சம் பிடிப்பதும் இதே காரணத்தால் ஏமாற்றம்தான்: சென்சார் நாக்கிங்கைக் கேட்டதும் கணினி ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும், விலையில் மிஞ்சியது வழியில் போய்விடும்.

மைலேஜுக்காகப் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் தீர்மானிக்கும் கணினியின் மேப்பை மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கே குறைக்கிறீர்கள்? சீரான ஓட்டத்தில் ஸ்பார்க்கைச் சரிசெய்வது நியாயம். பூஸ்டில் ஊற்றும் கூடுதல் பெட்ரோலை வெட்டுவது மடமை. சுபாருவின் அந்த 2.5 லிட்டர் எஞ்சினில் பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு நாக்கிங்கால் உடைவது ஊரறிந்த வியாதி. மிச்சப்படுத்திய பெட்ரோலின் விலையில் ஒரு பிஸ்டன்கூட வாங்க முடியாது. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது காந்தம், அவ்வளவுதான்.

ஆகவே மைலேஜ் விழுந்த டர்போ காரை வொர்க்‌ஷாப்பில் விடும்போது, புதிதாக எதையும் மாட்டச் சொல்லாதீர்கள். இன்டர்கூலர் குழாய்களுக்குள் புகை விட்டு எங்கே கசிகிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட், ஆக்சிஜன் சென்சார், டயர் காற்று. இவ்வளவும் ஒழுங்காக இருந்தும் மைலேஜ் வரவில்லையென்றால், ஒரு வாரம் பூஸ்ட் முள்ளை ஏற விடாமல் ஓட்டிவிட்டு மெக்கானிக்கிடம் மறுபடி பேசுங்கள்.